செல்லபாய் வாங்கிய நற்சான்று

நீங்கள் நல்லவர் என்று எழுதித் தர உங்களுக்கு ஆள் இருக்கிறதா? கையெழுத்துப் போடத் தெரிந்த ஆள், அந்தக் கையெழுத்தை நாலு பேர் மதிக்கிற ஆள்? தென் திருவிதாங்கூரில் சிதறாலுக்குத் தெற்கே குடியிருந்த செல்லபாய்க்கு 1931-ஆம் ஆண்டு ஆவணியில் அப்படி ஒருவர் தேவைப்பட்டார்.

சிறுவயதில் வைசூரி என்னும் பெரியம்மை கண்டு பிழைத்தவள் அவள். முகமெல்லாம் தழும்பு. ஒருமுறை கண்டவர்களுக்கு அது மறுபடி வராது என்பதால், முந்தின ஆண்டு நோய் பரவியபோது, நோயாளிகளை ஒதுக்கி வைத்த ஓலைக் கொட்டகைக்கு அவளைத்தான் அனுப்பினார்கள். பதினொரு மாதம். சீழ் துடைத்தாள், கஞ்சி புகட்டினாள், செத்தவர்களுக்குக் குழி வெட்டவும் கைகொடுத்தாள். நோய் அடங்கி வீடு திரும்பியபோது அண்ணன் மனைவி ராஜபாய் வாசலிலேயே மறித்தாள்.

"அந்தக் கையோட எனக்க அடுக்களைக்குள்ள கேறாதே."

விதவைக்கு வேறு வீடு ஏது? மாட்டுத் தொழுவின் ஓரத்தில் படுத்தாள்.

அப்போதுதான் கிழக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு வார்டு ஆயா தேவை என்று கேள்விப்பட்டாள். தங்குவதற்கு அறை உண்டு என்றார்கள். அந்த அறைதான் அவளை இழுத்தது. ஒரே நிபந்தனை, மதிப்புள்ள ஒருவரிடம் நற்சான்று வாங்கி வர வேண்டும்.

கடற்கரையிலிருந்து வந்து மார்த்தாண்டம் சந்தையில் மீன் விற்கும் லீமாவிடம் இதைச் சொன்னாள். லீமாவின் கணவனைக் கொட்டகையில் பிழைக்க வைத்தவள் செல்லபாய்.

"ஏட்டி, நான் பெருவிரல் உருட்டித் தாறேன். எங்க கடப்புறத்துல இன்னும் எட்டுப் பேரு வருவாவ" என்றாள் லீமா.

"உனக்க விரலை வச்சா காயிதம் மீன் நாறும் பிள்ளே! தொரைமாரு ஆஸ்பத்திரியில அத யாரு கையால தொடுவா?"

"நாறட்டு. நீ செஞ்சத கண்ணால கண்டவ நானில்லியா?"

"போதகர் ஐயா எழுதினாத்தான் மதிப்பு மக்கா."

அவள் செய்த பிழை இதுதான். கண்ணால் கண்டவர்களை விட்டுவிட்டு, கொட்டகைப் பக்கம் எட்டியும் பார்க்காத பெரிய மனிதரிடம் போனாள். அப்படிப் போகும்படிதான் நாம் அவளைப் பழக்கி வைத்திருக்கிறோம்.

போதகர் சபைப் பதிவேட்டைப் புரட்டி, இங்கிலீஷில் எழுதி, அரக்கு வைத்து ஒட்டிக் கொடுத்தார். ஜெபமும் செய்தார். செல்லபாய் அதைத் துணியில் பொதிந்துகொண்டு நடந்தாள்.

ஆஸ்பத்திரி எழுத்தர் கடிதத்தைப் பிரித்து வாசித்தார்.

"பதினொரு மாசமா நீ திருவிருந்துக்கே போகல்லன்னு எழுதியிருக்கே. உண்மையா?"

"உண்மைதான் ஐயா. ஆனா..."

"ஒழுக்கமுள்ள ஆளுதான் இங்க வேணும். அடுத்தது யாரு?"

ஒழுக்கம் தவறியவர்களைத்தான் சபை திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கும். செல்லபாய் ஏன் போகவில்லை? திருவிருந்து என்னும் நற்கருணைச் சடங்கில் சபையார் அத்தனை பேரும் வாய் வைப்பது ஒரே கிண்ணத்தில். வைசூரிக் கொட்டகையிலிருந்து வருகிறவள் அதில் வாய் வைக்கக் கூடாது என்று, ஆலய வாசலில் அவளைத் திருப்பி அனுப்பியவர் சபை அலுவல் பார்க்கும் டீக்கன் ரசலையன். அனுப்பியதில் தவறில்லை, தொற்று யாரையும் விடாது. ஆனால் வராதே என்று சொன்ன அதே சபை, வரவில்லை என்று அவள் மேல் குற்றம் எழுதியது!

திரும்பி வந்து போதகரிடம் கேட்டாள்.

"நான் பொய் எழுதினேனா, செல்லபாய்?" என்றார் அவர்.

"இல்ல ஐயா. ஏன் வரல்லன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாமே."

"பதிவேட்டுல அதுக்குக் கட்டம் இல்லியே, அம்மா."

அவர் கொடியவர் அல்லர். அதனால்தான் எனக்கு வயிறு இன்னும் எரிகிறது. அவருக்குக் காரணம் தெரியும், எழுதத்தான் தோன்றவில்லை.

மறுபடி மாட்டுத் தொழுவில் படுக்க மனமில்லாமல் செல்லபாய் அந்தப் பழைய கொட்டகைக்கே குடிபோனாள். பாதிக் கூரை இல்லை. பயந்துகொண்டு ஊரார் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. ஓலைப்பெட்டி முடைவாள். யார் முடைந்தது என்று சொல்லாமல் லீமா விற்றுக் கொடுப்பாள். 1934 ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது. லீமா வந்து பார்த்தபோது உடல் குளிர்ந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

அடக்க ஆராதனையில் போதகர் கண் கலங்கினார். "தன்னுயிரை எண்ணாமல் நோயாளிகளைத் தாங்கிய உத்தமி" என்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த ஒரு வரியைக் காகிதத்தில் எழுதியிருந்தால், கூரையுள்ள ஓர் அறையில் அவள் உயிரோடு இருந்திருப்பாள்.

உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறதா? அப்படியானால், மாடாய் உழைப்பதை நீங்கள் கண்ணால் கண்ட ஒருத்திக்கு, அவள் வந்து கேட்கும் முன்பே, கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். அவளுக்கு வாசித்துக் காட்டி, அவள் கையில் கொடுங்கள். இன்றைக்கே கொடுங்கள்.