எலிகள் கொடுத்த மனு

பாலக்கோட்டுப் பக்கம் கருப்பண்ணனைத் தெரியாத எலி கிடையாது. மனிதர்களுக்கும் தெரியும். ஆனால் பேரைச் சொன்னால் யோசிப்பார்கள், எலி மருந்துக்காரர் என்றால் உடனே கை காட்டுவார்கள். இருபத்திரண்டு வருடமாக மொபெட்டில் முன்னால் ஒரு தகரப் பெட்டி, பின்னால் கம்பிக் கூண்டுகள், தலைக்கு மேல் ஒரு ஒலிபெருக்கி என்று சந்தை சந்தையாகப் போகிற ஆள். ஒலிபெருக்கியில் வரும் குரல் அவர் மகள் காவியாவுடையது. பத்தாவது படிக்கும்போது பதிந்து கொடுத்தாள். "எலியா? பெருச்சாளியா? ஒரே ஒரு கேக். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது" என்று செய்தி வாசிப்பது போல வாசித்திருப்பாள். கல்யாணமாகி அவள் மொரப்பூர்ப் பக்கம் போய் ரெண்டு வருடமாகிறது. குரல் மட்டும் இன்னும் பென்னாகரம் சந்தையில் எலியை மிரட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காவியாவுக்கு இப்போது எட்டு மாதம். அடுத்த மாதம் வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். கருப்பண்ணன் வீட்டுக்கு வெள்ளை அடித்தார். கட்டில் வாங்கினார். மகள் குந்தி உட்கார முடியாதே என்று கோப்பை வைத்த கக்கூஸ் ஒன்று கட்டி, அதைத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாம் முடிந்த மறுநாள் விடியற்காலையில்தான் அந்தக் கனவு வந்தது.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்க ஜனம் வரிசையில் நிற்குமே, அது போல எலிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு துண்டுக் காகிதம். மேசைக்குப் பின்னால் கருப்பண்ணன். ஒரு எலியும் சத்தம் போடவில்லை, தள்ளவில்லை. முன்னால் நின்ற கிழட்டு எலி, மீசை நரைத்தது, காகிதத்தை மேசை மேல் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. அவ்வளவுதான். மூன்று நாள் அதே வரிசை, அதே கிழட்டு எலி.

அவர் பயந்த ஆள் இல்லை. ஆனாலும் காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். உரக்கடைக் காலண்டரின் பின்பக்கம், எலியைக் கனவில் கண்டால் பகைவர் தொல்லை என்று போட்டிருந்தது. நகைக்கடைக் காலண்டரில் பொன் பொருள் சேரும் என்றிருந்தது. கடைக்குத் தகுந்த பலன். செல்போனில் ஒரு சாமியார், கறுத்த எலி என்றால் நோய், வெளுத்த எலி என்றால் கல்யாணம் என்றார். கருப்பண்ணன் நிறத்தைக் கவனிக்கவில்லை. பிள்ளையார் கோவில் பூசாரி, வாகனமே வந்து நிற்கிறது, கொழுக்கட்டை செய்து கொண்டு வா என்றார். கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் வரிசை இன்னும் நீண்டிருந்தது.

கடைசியில் மனைவி கண்ணம்மாள்தான் வழி சொன்னாள். கெட்ட கனவை ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிட்டால் அது கனவை இழுத்துக்கொண்டு போய்விடுமாம். ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவது? ஆற்றில் மணல் கூட மிச்சமில்லை. கால்வாயில் அணை திறந்தால்தான் தண்ணீர். அந்த ஊரில் ஓடுகிற தண்ணீர் என்றால் காலை ஏழு மணிக்கு வரும் பஞ்சாயத்துக் குழாய் ஒன்றுதான்.

அங்கேதான் போனார். பைப்பைத் திறந்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, காதில் சொல்வது போல மெதுவாக ஆரம்பித்தார். தண்ணீர் காற்றைக் கக்கிக்கொண்டு சத்தமாக வந்தது. அதற்குக் கேட்காதே என்று குரலை உயர்த்தினார். வரிசை, காகிதம், நரைத்த மீசை, ஒன்றையும் விடவில்லை. முடித்துவிட்டு எழுந்து திரும்பினால், பின்னால் பதினொரு பெண்கள் பிளாஸ்டிக் குடத்தோடு வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். அதில் ஒருத்தி, மொரப்பூர்ச் சம்மந்தியம்மா சசிகலாவின் சித்தி மகள்.

பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. வளைகாப்புக்கு வாங்க, வளையல் போடுங்க, சாப்புட்டுப் போங்க. புள்ளய மட்டும் கூப்புடாதீங்க."

"ஏன் சம்மந்தி, என்ன ஆச்சு?"

"எலிங்க மனு குடுக்கற வூட்டுல புள்ளத்தாச்சி எப்படிங்க படுப்பா?"

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது குடும்பத்தில் ஓர் உயிரைக் கொல்லக் கூடாது என்று ஒரு கணக்கு உண்டு. சசிகலா அதைத்தான் பிடித்துக்கொண்டாள். அதோடு, ஊரூராக எலியைக் கொல்லச் சொல்வதே அந்தப் பிள்ளையின் குரல்தானே என்றும் கேட்டாள். கருப்பண்ணன் போனை வைத்தார். பக்கத்தில் நின்ற கண்ணம்மாள் ஆரம்பித்தாள்.

"தண்ணிகிட்ட சொல்லச் சொன்னா, தண்டோரா போட்டுட்டு வந்திருக்கீங்க."

அன்றே தகரப் பெட்டியைப் பூட்டினார். ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினார். அந்துருண்டையும் சாம்பிராணியும் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய் வாயால் கூவினார். அவர் குரலுக்கு ஒருத்தரும் திரும்பவில்லை. சாயங்காலம் வந்து புதுக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடந்தது. கக்கூஸ் பார்க்க யாரையும் கூப்பிடுவதில்லை.

பதினைந்து நாள் கழித்து மறுபடி சசிகலாவின் போன். இந்த முறை குரல் இறங்கியிருந்தது. அவள் வீட்டில் கடலை மூட்டை, கேழ்வரகு மூட்டை எல்லாம் உண்டு. கூடவே எலியும் உண்டு. இத்தனை நாள் மூட்டையோடு நின்ற எலிகள் பீரோவுக்குள் போய், வளைகாப்புக்கு எடுத்த பட்டுச்சேலையில் முந்தானையைத் தின்றுவிட்டன. மருந்து வைக்கலாம் என்றால் வீட்டிலேயே புள்ளத்தாச்சி. அவள் சொன்ன விதி அவளையே கட்டிப் போட்டிருந்தது.

கருப்பண்ணன் ஆறு கூண்டோடு போய் இறங்கினார். மசால் வடையும் கருவாடும் வைத்தார். இரண்டு நாளில் பதினோரு எலி. காவியா நாற்காலியில் உட்கார்ந்தபடி எண்ணினாள். அவ்வளவு எலியை ஒன்றாகப் பார்த்ததும் சசிகலா சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு கட்டில் மேல் ஏறிவிட்டாள்.

பக்கத்தில் விட்டால் திரும்பி வந்துவிடும். ரயில் பாதை தாண்டி விட வேண்டும். மொபெட்டில் கட்டிக்கொண்டு தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் பாறைக் கரட்டின் அடிவாரத்துக்குப் போய் ஒவ்வொரு கூண்டாகத் திறந்தார். பத்து எலி திரும்பிப் பார்க்காமல் ஓடியது. ஒன்று மட்டும் கூண்டு வாயிலேயே உட்கார்ந்துகொண்டது. கிழடு. மீசை நரைத்தது. கருப்பண்ணனுக்கு அடையாளம் தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்.

"ஆர்டர் போட்டாச்சுங்க. கெளம்புங்க" என்றார்.

அது நிதானமாக இறங்கிப் போனது.

திரும்பி வந்து சம்மந்தியிடம் சொன்னார், "அதுங்க கேட்டது எடமாற்றம்தான் சம்மந்தி. நாந்தான் புரியாம நாளுக்கணக்கா மனுவப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

சசிகலா கட்டிலில் இருந்து இறங்காமலேயே யோசித்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகுதான் முடிவு வந்தது. பிரசவம் முடிகிற வரைக்கும் மருந்துப் பெட்டி அந்த வீட்டில் இருக்கக் கூடாது, குரலை மாற்ற வேண்டும், இரண்டுக்கும் சம்மதம் என்றால் வளைகாப்பு அன்றைக்கே கூட்டிப் போகலாம் என்றாள்.

காவியா வந்து சேர்ந்தாள். கட்டில் உறையைக் கருப்பண்ணனே பிரித்தார். மறுநாள் செல்போனை முன்னால் வைத்துக்கொண்டு, எலியைக் கொல்லாதீர்கள், கூண்டு வாங்குங்கள், பிடித்துக்கொண்டுபோய்த் தூரத்தில் விடுங்கள் என்று புதுசாகப் பதிந்தாள். மூன்று தடவை சிரித்து, நாலாவது தடவைதான் ஒழுங்காக வந்தது.

அப்போது ஓட்டுக்கு மேல் ஏதோ உருண்டது. கண்ணம்மாள் அண்ணாந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எலி மருந்துக்காரர் வீட்டில் எலி ஓடியது இதுதான் முதல் தடவை. கருப்பண்ணன் எழுந்துபோய்க் கூண்டில் வடையை மாட்டினார்.

"இதுக்கு எந்த ஊருக்குப்பா எடமாற்றம்?" என்று காவியா கேட்டாள்.

"உங்க மாமியா வூட்டுக்குத்தான். அங்கதான் இப்ப பதினோரு எடம் காலியா கெடக்குது."