ஈசூன் வீட்டு விலாங்கு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, சத்தம் போட்டுச் சொல்லக்கூடிய சங்கதி இல்லை. வீடு வீடாகப் போய் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி கழுவும் வேலையில், கண்ணாடிக்கு வெளியே நிற்கும் நாம்தான் வேடிக்கை பார்க்கிறோம் என்று நினைப்பது முதல் தப்பு. தொட்டி வாங்கி வைத்துவிட்டு, பாசி சுரண்டி, உப்புக் கலக்கி, கையெல்லாம் வெடித்துப்போய் நிற்கும் உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? ஆனால் உங்களில் யாராவது விலாங்கு வளர்த்தால், இதைக் கேட்டுவிட்டுப் போங்க.

வாயசைப்பு

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் காதர் பாய்தான் என்னை அந்த ஈசூன் அடுக்குமாடி வீட்டுக்கு அனுப்பினார். சாப்பாட்டு மேசையை ஒட்டியே தொட்டி. உள்ளே பவளமும் பாறையும். பாசி துடைக்கக் கையை விட்டதும் பாறைப் பொந்திலிருந்து ஒரு தலை வந்தது. வெள்ளை உடம்பு, கறுப்புப் புள்ளி. வாயைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. காதோடு ரகசியம் சொல்கிற மாதிரி. மூச்சு விடத்தான் அப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கையை வெளியே எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கார அம்மா பார்வதி சிரித்தார். அவர் கணவர் கணேசன் அண்ணன் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பார்வதி இடுக்கியில் இறாலைப் பிடித்தபடி நின்றாரே தவிர, போடவில்லை. "பாவம், பசியில வாயைப் பிளக்குது, போட்டுடுங்களேன்" என்றேன்.

"அவர் கை கழுவட்டும்க்கா. அதுவரைக்கும் எனக்கும் கிடையாது, இதுக்கும் கிடையாது லா."

இடிகல்

விலாங்குத் தொட்டிக்கு மூடி மட்டும் போதாது, மேலே கனமாக ஏதாவது வைக்க வேண்டும். பார்வதி தன் இடிகல்லை வைத்திருந்தார். நெஞ்சுவலி வந்து அவர் திடீரென்று போய்ச் சேர்ந்த அன்று, வந்தவர்களுக்கு டீ போட இஞ்சி தட்டவேண்டும் என்று யாரோ அந்தக் கல்லை எடுத்துவிட்டார்கள். சவப்பெட்டி மாடியிலிருந்து கீழே இறங்கியதும் நான் வீடு கழுவப் பின்தங்கினேன். ஹாலுக்குத் தண்ணீர் ஊற்றியபோது பார்த்தேன், தொட்டியில் விலாங்கு இல்லை.

சோபாவுக்கு அடியில் இல்லை, அலமாரிக்குப் பின்னால் இல்லை. கடைசியில் சமையலறையில் கிடந்தது. பார்வதி அடுப்படியில் போட்டுக்கொள்ளும் செருப்புக்குள் தலையை வைத்துக்கொண்டு, ஈரத்தரையில், உயிரோடு. துண்டில் சுற்றித் தூக்கி உள்ளே விட்டேன். சாயங்காலம் மகள் கவிதாவிடம் சொன்னதற்கு, "மூடி லூசா இருந்திருக்கும் ஆன்ட்டி" என்று முடித்துவிட்டாள். கணேசன் அண்ணன் மட்டும் அந்தச் செருப்பைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாங்க எல்லாம் அவளைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டோம். இது மட்டும்தான் தேடிப் போயிருக்கு."

படையல்

அமாவாசை கழித்துப் போனால் தொட்டித் தண்ணீர் பால் மாதிரி இருக்கிறது. அடியில் சோற்று உருண்டை, மேலே எள் மிதக்கிறது. "என்னண்ணே அநியாயம் இது?" என்று கத்தினேன். "காக்காவுக்குக் கீழே வச்சா ஃபைன் போடுவாங்கம்மா. இது அவ கையால வளர்ந்தது, இதுக்கு வச்சா அவளுக்குப் போகாதா?" என்றார்.

தண்ணீரை மாற்றிவிடலாம். மனுஷனை என்ன செய்ய? படையலைக் காக்கா எடுத்த பிறகுதானே நாம் இலையில் உட்காருவோம்? அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பார்வதி போனதிலிருந்து விலாங்கு இறாலைக்கூடத் தொடவில்லை. அது தொடாததால் இவரும் வெறும் காப்பியில் ஓட்டுகிறார். புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து கவிதா தினமும் சோறு கொண்டுவந்து கெஞ்சிவிட்டுப் போகிறாள். அடுத்த தடவை நான் போனபோது சட்டை அவர் தோளில் தொங்கியது. தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அது வாயைத் திறந்து மூட, வெளியே இவரும் திறந்து மூடுகிறார். சத்தமே இல்லை. கடைக்கு வந்து சொன்னேன். காதர் பாய் வலையைக் கீழே வைத்தார்.

"விலாங்கு மாசக்கணக்கா பட்டினி கிடக்கும்க்கா. மனுஷன் கிடக்க மாட்டான்."

ஒரு வாய்

அதற்குப் பிறகு போன அன்று, நாற்காலியைப் பிடிக்காமல் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கவிதா மீன்குழம்புச் சோறு வைத்தாள். நான் இடுக்கியில் இறாலைத் தண்ணீருக்குள் நீட்டினேன். பொந்தில் தலை மட்டும் தெரிந்தது. "அது சாப்பிடட்டும்" என்றார், வழக்கம்போல. கவிதாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "அம்மா இருந்தா இப்படி விடுவாங்களாப்பா?" என்று ஒரு கவளத்தை அவர் வாயில் திணித்தாள். துப்ப முடியாமல் மென்றார்.

பொந்திலிருந்து விலாங்கு வெளியே வந்தது. முழு உடம்பும். என் இடுக்கிக்கு வரவில்லை, அவர் முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் வந்து நின்றது. அவர் மெல்வதை நிறுத்தினார், அது பின்வாங்கியது. அவர் விழுங்கிவிட்டுத் தானே ஒரு வாய் அள்ளிப் போட்டார். அது திரும்பி வந்து இறாலைக் கவ்வியது. கவ்வியதோடு சரி. கவிதா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஆன்ட்டி, அது ஏன் முழுங்கல?" என்றாள். அண்ணன் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"நான் இன்னும் கை கழுவலியே."

எல்லாம் பழக்கதோஷம், மீனுக்கு என்ன தெரியும் என்று காதர் பாய் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அன்றைக்கு அண்ணன் தட்டைக் காலி செய்து, எழுந்து போய், குழாயைத் திறந்து கை கழுவும்வரை இறாலைப் பல்லில் பிடித்தபடியே இருந்துவிட்டு, அப்புறம்தான் அது விழுங்கியது.