எல்லாம் கிட்டத்தான்

நேற்றுக் கல்முனையில் என் கூடப்பிறந்த மூத்தவள் ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்தாவின் மகன், தலை நரைத்தவன், கைபேசியில் நாலு தட்டுத் தட்டினான். சற்று நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்து கொத்துரொட்டிப் பொதியை நீட்டினான். கடை எங்கே தெரியுமா? அதே தெருவின் முனையில்! எழுந்து நடந்திருந்தால் சூடாகவே தின்றிருக்கலாம். சாய்மனைக் கதிரையில் கிடந்த மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா மச்சான், டவுணில எல்லாம் கிட்ட!"

அவர் ராத்தாவைக் கலியாணம் முடித்த காலத்திலிருந்து இந்த "எல்லாம் கிட்ட"வைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு கொடுப்பது பெண்ணைப் பெற்றவர் பாடு. பாலமுனையில் எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே, உம்மாவின் குசினியிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், வாப்பா ராத்தாவுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது மாப்பிள்ளை சொல்லி அனுப்பினார், டவுணில்தான் வீடு வேண்டுமென்று. வாப்பா வயலை விற்று அங்கே வாங்கிக் கொடுத்தார். அந்த அரைச்சுவருக்குள் ஆடு கட்டினோம்.

டவுண் வசதியைக் கேளுங்கள். விடியக் கொஞ்சம் குழாயில் தண்ணீர் வரும், பிறகு காற்று வரும். எங்கள் கடற்கரையில் துடித்த மீன் லொறி ஏறிக் கல்முனைச் சந்தைக்குப் போய்க் கண் சிவந்து கிடக்கும்; அதைத்தான் மச்சான் பீற்றிக்கொண்டு வாங்கிவருவார். படமாளிகை கிட்டவாம். ராத்தாவை ஒருநாளாவது கூட்டிப்போயிருப்பாரா? பாலமுனையும் சொர்க்கமில்லை, தலையிடிக்கு ஒரு குளிசை வாங்கவும் அட்டாளைச்சேனைக்கு ஓடவேண்டும். ஆனால் அதை வைத்து நாங்கள் யாரும் நெஞ்சை நிமிர்த்தவில்லை.

ராத்தாவுக்குப் பிள்ளை பெற மாதமானபோது வாப்பா காய்ச்சலில் பாயோடு கிடந்தார். உம்மாவால் கல்முனைக்குப் போய்த் தங்க முடியவில்லை. மகளைப் பாலமுனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். மச்சான் விடவில்லை. "ஆஸ்பத்திரி கிட்ட இரிக்கி, என்னத்துக்கு அங்க?"

ஒரு காலை, அவர் கடைக்குப் போனபின் ராத்தாவுக்கு வலி கண்டது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்தாள். அங்கே கொஞ்சம் நின்றாள். பிறகு அதைத் தாண்டிப்போய், பாலமுனை வழியாகப் போகும் அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறிவிட்டாள்! அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில், அந்த வயிற்றோடு! வேலியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றவளைப் பார்த்து நான் உம்மாவைக் கூப்பிட ஓடினேன். பின்னேரம் எங்கள் வீட்டிலேயே பிள்ளை பிறந்தது. நேற்றுக் கைபேசி தட்டியவன்தான்.

அந்திக்கு மச்சான் குதித்துக்கொண்டு வந்தார். "உனக்கென்ன பைத்தியமா புள்ள? ஆஸ்பத்திரியத் தாண்டியா வந்த நீ?"

ராத்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "ஓம், ஆஸ்பத்திரி கிட்டத்தான். உம்மா கிட்டவா இருந்தா?"

அந்த ஆள் உம்மா வைத்த சோற்றை இரண்டு தரம் வாங்கித் தின்றார்.

வாப்பாவும் உம்மாவும் ஒருவர் பின் ஒருவராக மௌத்தானார்கள். நான் வழமைப்படி சம்மாந்துறையில் மனைவி வீட்டோடு ஒண்டிக்கொண்டேன். வளவு கைமாறியது, அரைச்சுவர் நின்ற இடத்தில் இன்று ஒரு கைபேசிக் கடை.

நேற்று ராத்தா கொத்துரொட்டியில் ஒரு வாய் வைத்துவிட்டு ஒதுக்கினாள். வெளியே அக்கரைப்பற்று பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது, அதன் பின்னாலேயே இன்னொன்று. பாலமுனைக்கு இப்போது நினைத்த நேரம் பஸ் இருக்கிறது. ராத்தாவுக்கு அங்கே இறங்கிப் போக ஒரு வாசல்தான் இல்லை.