மஞ்சள் கோட் போட்ட ஏஜென்ட்

இன்று அஜின்கோர்ட் பகுதியில் வீடு பார்க்கப் போனோம். எங்கள் புது ஏஜென்ட் நவோமி, என் வயதுக் கறுப்பினப் பெண். மஞ்சள் கோட், இடுப்பு வரை பின்னல்கள். நடந்த நடையில் வீடே அவருடையது போலிருந்தது.

அப்பா வாசலிலேயே என் காதைக் கடித்தார்: "உவ வீடு காட்ட வந்தவவோ, படத்தில நடிக்க வந்தவவோ?"

நவோமி முதல் வேலையாகப் போனில் திசை பார்த்து, "கிழக்கு வாசல், அங்கிள்" என்றார், ஆங்கிலத்தில்.

அப்பாவுக்குச் சந்தேகம் கூடிவிட்டது. "உதெல்லாம் உவவுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

பேஸ்மென்டில் நவோமி கோட்டின் கையை மடித்துவிட்டுச் சுவரைத் தடவினார், குனிந்து முகர்ந்தார். "பெயின்ட் புதுசு, உள்ளே ஈரம். இந்த வீடு உங்களுக்கு வேண்டாம்."

காரில் அப்பா சொன்னார்: "வாங்க வேண்டாம் எண்டு சொல்லுற ஏஜென்டை நான் இந்த நாட்டில காணேல்லை. உதில என்னவோ கிடக்கு."

வீட்டுக்கு வந்ததும் குசினியில் தொங்கும் நாலு கலண்டரையும் பார்த்தார். நாலும் எங்கள் பழைய ஏஜென்ட்மார் தங்கள் படம் போட்டு அடித்துத் தந்தவை; நாலிலும் அவர்களே சிரிக்கிறார்கள்.

"உவ கலண்டர் அடிக்கிறவவோ எண்டு கேள்" என்றார்.

எனக்கு இப்போது அந்த நாலு சிரிப்பிலும்தான் சந்தேகம். உங்கள் வீட்டுக் கலண்டர்க்காரர் எப்போதாவது "வேண்டாம்" என்று சொன்னதுண்டா?