ஆலைக்கே சுயவிமர்சனம் எழுதியவர்

எங்கள் ஆலையில் தப்பு செய்வது சுலபம், அதைப் பற்றி எழுதுவதுதான் பெரும்பாடு. பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் சுயவிமர்சனம் எழுத வேண்டும். கூட்டத்தில் கொட்டாவி விட்டாலும் எழுத வேண்டும். லேத் பிடிக்கிற கைக்கு அதெல்லாம் வருமா? கிடங்குக்கு ஓடுவோம். நட்டு, போல்ட், கையுறை, சோப்பு எல்லாவற்றுக்கும் காவலாக அங்கே உட்கார்ந்திருப்பார் தோங் ஜீஷான். எங்களுக்கு தோங் அண்ணன்.

ஷென்யாங்கில் அந்த ஆலை நின்ற இடத்தில் இப்போது பெரிய கடைவளாகம் இருக்கிறது. பேத்தியோடு போனால் எனக்கு மட்டும் இயந்திர எண்ணெய் மணக்கிறது. நீராவிப் பெட்டியில் நூறு அலுமினியச் சாப்பாட்டு டப்பாக்கள் ஒன்றாகச் சூடாகும் மணமும், புளித்த முட்டைக்கோஸின் மணமும் வருகின்றன. அது நல்ல காலம் என்று சொல்ல எனக்கு வாய் கூசும். ஆனால் என் இருபத்து நான்கு வயது அங்கேதானே இருக்கிறது, வேறு எங்கே போய்த் தேடுவேன்?

தோங் அண்ணன் ஒருவனுக்குக் கடிதம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

"என்னடா தப்பு பண்ணே?"

"மிஷின் பக்கத்துல தூங்கிட்டேண்ணே."

"தூங்கினது கிடக்கட்டும். ஏகாதிபத்தியம் முழிச்சிட்டிருக்கறப்ப நீ தூங்கினே பாரு, அதான் தப்பு. ம், எழுதிக்கோ."

அவர் சொல்வார், நாங்கள் எங்கள் கையெழுத்தில் எழுதிக்கொள்வோம். எப்போதும் மூன்று கடிதம். முதல் கடிதத்தை 'ஆழம் போதாது' என்று திருப்பியே தீருவார்கள், உடனே ஏற்றுக்கொண்டால் கட்சிச் செயலாளருக்கே இளகிய மனசு என்று பேர் வந்துவிடும். இரண்டாவதும் திரும்பும். மூன்றாவதுதான் நிற்கும். அதனால் அண்ணன் முதலாவதை மொட்டையாக விட்டு, சங்கதியை மூன்றாவதில் வைப்பார். கெட்டிக்காரர்தான், கொஞ்சம் கர்வமும் உண்டு.

1972இல் என் முறை வந்தது. வார்ப்புப் பட்டறையில் மண் அள்ளும் நிங் போவனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவனுடைய தாத்தாவுக்கு ஒரு காலத்தில் நிலம் இருந்ததாம். தாத்தாவை அவன் பார்த்ததுகூடக் கிடையாது, இருந்தும் அவன் நிலப்பிரபு வீட்டுப் பையன். ஆலை முத்திரை போட்ட கடிதம் இல்லாமல் கல்யாணம் கிடையாது. கட்சிச் செயலாளர் பான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேற ஆம்பளையே கிடைக்கலையா உனக்கு? முதல்ல சுயவிமர்சனம் எழுது."

அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இது ஒரு விஷயமா? முதல் கடிதத்துல 'அவனை விட்டுடறேன்'னு ஒத்தை வரி எழுது. திருப்பிடுவார். ரெண்டாவதுல ஏன் பழகினேன்னு சொல்லுவோம். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைங்களைத் திருத்தி எடுக்கலாம்னு கட்சியே சொல்லுதில்ல? மூணாவதுல, அந்த வேலையை நானே ஏத்துக்கறேன்னு முடிப்போம். அதை எப்படித் தள்ளுவார்?"

"முதலாவதையே வச்சுக்கிட்டாருன்னா?"

"பதினெட்டு வருஷமா எழுதறேன் ஷூச்சின். முதலாவதை எவன் வச்சுக்கிட்டான்?"

பான் வைத்துக்கொண்டார். மறுநாள் நகரக் கமிட்டியிலிருந்து சோதனைக் குழு வருகிறது, காட்டுவதற்குக் கையில் ஒரு வெற்றி வேண்டும். நண்பகலில் டப்பாவைத் திறக்கிறேன், ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்கிறது. நிலப்பிரபு வீட்டு நிங் போவனோடு எனக்கு இனி எந்த உறவும் இல்லை என்று அறிவிப்புக்காரி ராகம் போட்டு வாசிக்கிறாள். வார்ப்புப் பட்டறையிலும் ஒரு ஒலிபெருக்கி இருந்தது.

ஓடினேன். போவன் மண் அள்ளிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"அது நான் சொன்னது இல்ல போவன்!"

"கையெழுத்து உன்னோடதுதானே? விடு, உன் பேராவது கெடாம இருக்கட்டும். தெற்கே குய்சோ மலையில புது ஆலை கட்டறாங்களாம். பேர் குடுத்துட்டேன். பத்து நாள்ல ரயிலு."

குய்சோ போனவன் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கிடங்குக்குப் போய்க் கத்தினேன்.

"உங்க கெட்டிக்காரத்தனத்துல இடி விழ! என் வாழ்க்கையை வச்சா விளையாடுவீங்க?"

அண்ணன் கையுறைக் கட்டை அவிழ்த்து எண்ணினார், மறுபடி கட்டினார்.

மறுநாள் காலை சாப்பாட்டுக்கூடச் சுவரில் ஆளுயரச் சுவரொட்டி இருந்தது, பெரிய பெரிய எழுத்தில். அண்ணன் தனக்காக எழுதிய முதல் சுயவிமர்சனம். 'ஷூச்சின் எழுதிக் கொடுத்தது என் வாசகம். அவள் அந்தப் பையனை விடவில்லை, திருத்தி நல்லவனாக்க விரும்பினாள். அதை மறைத்தவன் நான். பதினெட்டு வருடத்தில் நூற்று நாற்பது பேருக்கு இப்படி எழுதிக் கொடுத்துக் கட்சியை ஏமாற்றினேன்.' வேறு யார் பெயரும் இல்லை. கூடி நின்றவர்களில் பாதிப் பேர் அந்த நூற்று நாற்பதில் இருந்தோம். பானும் நின்றார், அவருடைய காது சிவந்திருந்தது. அறுபத்தேழில், அதிகாரிகளையே விசாரித்த காலத்தில், அவரை மேடையில் ஏற்றித் திட்டியபோது அவர் நடுங்கிக்கொண்டு வாசித்த காகிதமும் அண்ணன் எழுதியதுதான். ஆலைக்கே தெரியும்.

மாலைக்குள் என்னைக் கூப்பிட்டு முத்திரைக் கடிதத்தை மேசையில் வீசினார் பான். "எடுத்துட்டுப் போ. வாயைத் திறக்காதே." குழுவும் சுவரொட்டியைப் படித்துவிட்டதால் அண்ணனை விட முடியவில்லை. கண்காணிப்பில் கொதிகலன் அறைக்கு, நிலக்கரி அள்ள அனுப்பினார்கள். கடிதத்தைக் காட்டியபோது போவன் மண் குவியலிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். குய்சோ பட்டியலில் தன் பெயரை அடிக்கச் சொன்னான்.

அந்த ஞாயிறே சாப்பாட்டுக்கூடத்தில் கல்யாணம். சூரியகாந்தி விதை இரண்டு தட்டு, மிட்டாய், சிகரெட், தலைவர் படத்துக்கு மூன்று வணக்கம், அவ்வளவுதான். வந்தவர்கள் எங்களைப் பாடச் சொல்லிப் படுத்தி எடுத்தார்கள். அப்படி நான் அதற்கப்புறம் சிரித்ததே இல்லை. கண்காணிப்பில் இருப்பவர் வரக் கூடாதாகையால், ஒரு பிடி மிட்டாயோடு நான் கொதிகலன் அறைக்குப் போனேன். அண்ணனின் முகமெல்லாம் கரி.

"அண்ணே, என்னாலதானே உங்களுக்கு…"

"சும்மா இரு. மிட்டாய் நல்லாருக்கு. புருஷன் தேடுவான், போ. பாக்கறாங்க பாரு."

போய்விட்டேன். பார்க்கிறார்கள் என்றதும் ஓட்டமாகவே போனேன். இனி நான் நிலப்பிரபு வீட்டு மருமகள், இன்னொரு கெட்ட பேர் எதற்கு என்று அதன் பிறகு அந்தப் பக்கமே நடக்காமல் சுற்றிப் போனேன். ஏழு வருடம் கழித்து அவர் குற்றவாளி இல்லை என்று காகிதம் வந்தது. வந்த இரண்டாம் மாதம் நுரையீரல் கெட்டுச் செத்துப்போனார். சாவுக்கு ஆலையே திரண்டது, நானும் போவனும் முன் வரிசையில் நின்று அழுதோம். அந்த ஏழு வருடமும் நண்பகலில் அவர் தனியாகத்தான் சாப்பிட்டார். என் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், ஒரே ஒரு நாள் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கலாம்.