அக்கரையில் மனைவி

என் தம்பி கட்டிக்கொள்ள நினைத்த லேகெங்கை முதலில் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம், அவள் எதையும் கேட்காததுதான். என் தம்பிக்கு என்ன சம்பளம், வீடு யார் பேரில் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒன்றும் கேட்காதவள் முன்பே விசாரித்துவிட்டுத்தான் வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சியாமென் நகரச் சந்தையில் காலை வேளையில் வேர்க்கடலைக் கஞ்சி விற்றாள். புருஷனிடம் விவாகரத்து வாங்கி வந்தவள். தம்பி தியன்போ எங்கள் கின்மென் தீவில் பஸ் ஓட்டுகிறான். ஐம்பது தாண்டியும் தனி ஆள். இரண்டு ஊருக்கும் நடுவில் கப்பலில் அரை மணி நேரம். பேச்சு ஒன்று, சாமி ஒன்று. அரசாங்கம் மட்டும் வேறு. அங்கே சீனா, இங்கே தைவான்.

மாசி மாதம் அப்பா போனார். எங்கள் வழக்கப்படி, வீட்டில் சாவு விழுந்தால் நூறு நாளுக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். தவறினால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். தியன்போ காத்திருக்கத் தயாராக இல்லை. கப்பலேறிப் போய் சியாமென் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டான். துக்கம் என்பதால் விருந்து இல்லை, சிவப்புத் துணி இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. அங்கே அது போதும். அந்த நிமிடமே அவள் மனைவி. இங்கேயோ, துறைமுகத்தில் அதிகாரிகள் இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, உண்மையான கல்யாணம்தான் என்று ஒப்புக்கொண்டால்தான் கல்யாணம். வேலைக்காகப் பொய்க் கல்யாணம் செய்துகொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள். ஒருவரைப் பிடித்தால் பத்துப் பேரைச் சந்தேகப்படுவார்கள்.

"விருந்து போடாத கல்யாணம், யாருடி நம்புவா?" என்றாள் பக்கத்து வீட்டு போக்சிம். "வந்து கால் ஊன்றிக்கிற வரைக்கும் இருப்பா. அப்புறம் தைபே பக்கம் பறந்துடுவா பாரு."

எனக்கும் அப்படித்தான் பட்டது.

விசாரணை நாளன்று தியன்போவோடு நானும் துறைமுகத்துக்குப் போனேன். லேகெங் ஒரு பெட்டியோடு இறங்கினாள். இருவரையும் உள்ளே அழைத்தார்கள். நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது தம்பியின் முகம் வெளுத்திருந்தது. லேகெங் மதியக் கப்பலுக்கான வரிசையில் நின்றாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"என்னடா ஆச்சு?"

"கட்டில்ல அவ எந்தப் பக்கம் படுப்பான்னு கேட்டான் அக்கா. இடது பக்கம்னு சொன்னேன்."

"அவ?"

"நாங்க ஒரு ராத்திரிகூட ஒண்ணா தங்கினதில்லைன்னு சொல்லியிருக்கா."

அவள் சொன்னதுதான் உண்மை. செத்தவருக்குக் காலையும் மாலையும் மகன்தான் சோறு படைக்க வேண்டும், ஏழு வாரம். தியன்போ ஒரே மகன். கல்யாணத்தன்றுகூடக் கடைசிக் கப்பலைப் பிடித்து வந்து அப்பாவின் பெயர் எழுதிவைத்துக் கும்பிடும் பலகைக்கு முன்னால் கிண்ணத்தை வைத்தான். இதை அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். வெட்கம். புருஷன் என்று காட்டிக்கொள்ளப் பொய் சொல்லிவிட்டான்.

"உன்னை நினைச்சாவது பாத்துப் பேசியிருக்கலாம்ல அவ?" என்றேன். "வேணும்னே சொல்லியிருப்பா. வர மனசில்ல."

நான் சொன்னது அவனுக்குள் இறங்கியதைப் பார்த்தேன். பஸ் ஓட்டப் போவான், வருவான், சோறு படைப்பான். போன் பேசுவதில்லை. அவளும் பேசவில்லை. அங்கே அவளுடைய அண்ணன் வேறு கதை கட்டியிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது: கட்டில் பக்கத்தைக்கூடப் பொய்யாகச் சொல்கிறவனுக்கு இங்கே இன்னொருத்தி இருப்பாள் என்று.

ஏழாவது வாரச் சடங்கு முடிந்தது. அடுத்த சனிக்கிழமை தியன்போ முதல் கப்பலுக்குக் கிளம்பினான்.

"எங்கடா?"

"என் பொண்டாட்டி வீட்டுக்கு."

அன்று மாலை அவன் திரும்பி வரவில்லை. படைக்க வேண்டிய சோறு இனி இல்லை. மறுநாள் வந்தான். அதற்கடுத்த சனியும் போனான். அக்கரையில் புருஷனாகத் தூங்கி, இக்கரையில் பிரம்மச்சாரியாக பஸ் ஓட்டினான். டிப்போவில் கேலிக்குக் குறைவில்லை. "என்ன மாப்ள, இன்னிக்கு எந்த நாட்டுச் சட்டத்துல இருக்கீங்க?" என்பார்கள். அவன் ஹாரனை அடிப்பான்.

மறுபடி மனுப் போட்டார்கள். குளிர் காற்று தொடங்கியபோது அழைத்தார்கள். அதே அதிகாரிதான் என்று தம்பி பிறகு சொன்னான். தைபேயிலிருந்து வந்த பையன்.

"போன தடவை இடது பக்கம்னு சொன்னீங்க. ஏன்?"

"வெக்கம் சார்."

"இப்ப?"

"சுவத்துப் பக்கம் நான். ஓரத்துல படுத்தா உருண்டு விழுந்துடுவேன்னு என்னை உள்ள தள்ளிட்டா."

அடுத்த அறையில் அவளும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். கூடவே, ஏற்கெனவே ஒரு தடவை விழுந்தான் என்றும். இந்த முறை அவளை உள்ளே விட்டுவிட்டார்கள்.

அன்று மாலை வீட்டில் சிப்பி போட்ட சேமியா சமைத்தேன். இருவரும் மேசையில் இருந்தார்கள். எனக்கு அவர்களுக்கு முதுகு காட்டி அடுப்பில் நிற்கும் வேலை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான் தியன்போ. "அன்னிக்கு அப்படிச் சொன்னா திருப்பி அனுப்புவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அனுப்பட்டும்னுதான் சொன்னியா?"



"பாதி," என்றாள். "கப்பல் நேரம் பாத்துக்கிட்டே சர்க்கார் ஆபீசுக்கு வர்ற மாதிரி வந்து போயிட்டிருந்த. திருப்பி அனுப்பினா நீ வருவியான்னு எனக்குத் தெரியணும்."

"வந்தேனே."

"ஏழு வாரமும் முடிஞ்சப்புறம்தான வந்த?"

அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்க அடுப்பைத் தணித்தேன். அவன் எழுந்து வந்தான். சட்டியிலிருந்து பெரிய சிப்பியாகப் பொறுக்கி அவள் கிண்ணத்தில் போட்டான். அவள் அதைக் கரண்டியால் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டாள்.