இரண்டாவது ஃப்ளாஷ்

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி சாப்பிட்டு, பஜ்ஜி சாப்பிட்டு, காபியும் குடித்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்ன ஒரு வரியால்தான் எங்கள் வீட்டுக்குள் கேமரா வந்தது. "போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சு" என்றார் மாப்பிள்ளையின் அத்தை. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பீர்க்கன்கரணையில் எங்களுடையது இரண்டே அறை உள்ள வீடு. அங்கே மெதுவாகச் சொன்னாலும் எல்லோருக்கும் கேட்கும்.

அந்தப் போட்டோவை எடுத்தவன் நான்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் போன், பாரம், பாஸ்வேர்டு எல்லாம் என் இலாகா. அப்பா கொத்தனார். அக்கா எட்டாவதோடு நின்று, எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். நல்ல கருப்பு. இடது கன்னத்தில் அம்மைத் தழும்பு ஒன்று உண்டு. நான் புதிதாக வாங்கிய போன் யாரும் கேட்காமலேயே அவளை வெளுத்து, தழும்பை அழித்து, தாடையையும் கொஞ்சம் செதுக்கிவிட்டது. நான் அதைப் பார்த்து, "சூப்பரா வந்திருக்குக்கா" என்று சொல்லி புரோக்கருக்கு அனுப்பியும்விட்டேன்.

அன்று சாயங்காலம் அக்கா கட்டியிருந்த பட்டுப்புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"இனிமே யாருக்கு அனுப்புனாலும் என் மூஞ்சி எப்படி கீதோ அப்படியே அனுப்பு. போட்டோவையும் என்னையும் மாறி மாறி பாக்கறவங்க முன்னாடி இன்னொரு தபா வந்து நிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"ஃபில்டர ஆஃப் பண்ணிடறேன்க்கா."

"எதையாவது பண்ணு."

பண்ணினேன். அழகு என்று போட்டிருந்த இடத்தில் பூஜ்யம் வைத்தேன். அப்படியும் தழும்பு வரவில்லை. நண்பர்களின் போன்களை வாங்கி எடுத்துப் பார்த்தேன். ஒரு போனில் ரோஸ் நிறமாக இருந்தாள், இன்னொன்றில் மாவு பூசியது போல இருந்தாள். ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு அக்கா வந்தாள். எங்கள் அக்கா மட்டும் எதிலும் வரவில்லை.

குரோம்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கையளவு வெள்ளிநிறக் கேமராவால் எல்லோரையும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்க ஸ்கூல் டூர்ல பி.டி. சார் வச்சிருந்த கேமராவாச்சே" என்றேன்.

"இப்போ இதாண்ணா டிரெண்டு. போன்ல எடுத்தா எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. இதுல எடுத்தா, பரு இருந்தா பரு வரும்."

"பரு வர்றதுக்கா காசு குடுத்து வாங்கினே?"

"ஆமாண்ணா" என்றாள், கொஞ்சமும் சிரிக்காமல்.

நான் சிரித்தேன். பிறகு சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு யோசித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். தார்ப்பாய் விரித்து இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம், ரிமோட் எல்லாம் குவித்து வைத்திருந்த ஒரு அண்ணன், கேமராக்களை மட்டும் தனியாக ஒரு டவல் மேல் அடுக்கி வைத்திருந்தார்.

"போன வருசம் வரிக்கும் ஒருத்தனும் தொடமாட்டான் தம்பி. இப்போ காலேஜ் பொண்ணுங்க வந்து அள்ளினு போவுது. கைல அவ்ளோ பெரிய போன வச்சிகினு இத கேக்குதுங்க. இன்னா கூத்தோ!"

"வேலை செய்யுமாண்ணா?"

அவர் ஒன்றைக் கையில் எடுத்து என் முகத்துக்கு நேராக அழுத்தினார். பின்பக்கத்துச் சின்னத் திரையைக் காட்டினார். வியர்வை, எண்ணெய் வழியும் நெற்றி, சரியாகச் சவரம் செய்யாத மோவாய்.

"உன் மூஞ்சிதானே?"

"ஆமாண்ணா."

"அப்போ வேலை செய்யுது."

பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நிற்க வைத்தேன். கேமரா என்றதும் அவள் அப்படியே விறைத்துவிட்டாள். கை இரண்டும் பக்கவாட்டில், மூச்சு உள்ளே. ஃப்ளாஷ் அடித்தது. அடித்ததும் மூச்சை விட்டு, "முடிஞ்சுதா? அடுப்புல கொழம்பு கீதுடா" என்று திரும்பினாள். அப்போது இன்னொரு ஃப்ளாஷ் அடித்தது. பார்த்தால், அதில்தான் போட்டோ விழுந்திருந்தது. வாய் திறந்திருந்தது.

மறுபடி எடுத்தேன். முதல் ஃப்ளாஷுக்குச் சிலை மாதிரி நின்றாள். "இப்பவாச்சும் வந்துச்சா, இல்லியா?" என்றாள். இரண்டாவது ஃப்ளாஷ். மூன்றாவது முறை என் முழியைப் பார்த்துச் சிரித்தேவிட்டாள். அதுவும் விழுந்தது.

கேமரா கெட்டுப்போனது என்றே நினைத்தேன். மறுநாள் ஆபீஸில் அந்தப் பெண்தான் விளக்கினாள். கண் சிவப்பாக விழாமல் இருக்க முதலில் ஒரு ஃப்ளாஷ் அடிக்குமாம். நிஜப் படம் இரண்டாவதில்தான். "வேணாம்னா ஆஃப் பண்ணிடலாம்ணா."

போட்டோக்களை அவள் கார்டு ரீடரை இரவல் வாங்கிப் போனுக்கு மாற்றி வீட்டில் காட்டினேன். அக்கா சிரிக்கும் படம்தான் இருப்பதிலேயே தெளிவாக இருந்தது. கருப்பு கருப்பாகவே வந்திருந்தது, தழும்பும் இருந்தது.

"பல்லெல்லாம் தெரியுது. இதையா பொண்ணு போட்டோன்னு அனுப்புவாங்க?" என்றாள் அம்மா.

அப்பா சாப்பிட்ட கையோடு எட்டிப் பார்த்தார். "நம்ம பொண்ணு. பேசுறா மாதிரியே கீது" என்றார்.

அக்கா மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போனை என்னிடம் தள்ளினாள். "இதையே அனுப்பு. ஆஃப் எல்லாம் பண்ணாத."

புரோக்கர் சொன்ன இடம் படப்பை. மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அனுப்பிய மூன்றாம் நாள் புரோக்கர் போன் செய்தார்.

"இன்னா தம்பி, இப்படி பண்ணிட்டீங்க?"

"என்னாச்சுண்ணா?"

"பழைய போட்டோவ அனுப்பி வச்சிகிறீங்களே! மூலையில தேதி கீது பாருங்க. பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி, ஜனவரி ஒண்ணு. அப்பவே பொண்ணு இப்படி இருந்தா இப்போ நாப்பது தாண்டியிருக்குமேன்னு மாப்பிள்ளையோட அம்மா கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

மூலையில் ஆரஞ்சு நிறத்தில் எண்கள் இருந்ததை நானும் பார்த்திருந்தேன். ஆபீஸ் பெண்ணின் படங்களிலும் இருக்கும். ஸ்டைலுக்குப் போடுவது என்று நினைத்து அதை நான் படிக்கவேயில்லை. பேட்டரியைக் கழற்றினால் அந்தக் கேமரா தேதியை மறந்து அது தயாரான வருஷத்தின் முதல் நாளுக்குப் போய்விடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. படித்தவன் என்று இலாகாவை என்னிடம் கொடுத்தார்கள். போன தடவை நிறத்தில் பொய், இந்தத் தடவை வயதில் பொய்.

அக்காவிடம் சொன்னதும் அவள் முதலில் சிரித்தாள். "மூஞ்சி சரியா வந்துச்சுன்னு பாத்தா வயசு தப்பா வந்துச்சா? போடா டேய்!" பிறகு சிரிப்பு நின்றது. மறுபடியும் யாரோ அவளைப் பார்த்து, போட்டோவில் வேறு மாதிரி என்று சொல்லப்போகிறார்கள். அது அவள் முகத்தில் தெரிந்தது.

"ஆதார் கார்ட அனுப்பிடலாம்டி" என்றாள் அம்மா.

"அதுல கீற போட்டோவ பாத்தா அவங்க ஊரையே காலி பண்ணிடுவாங்கம்மா." என் பக்கம் திரும்பினாள். "நீயே நேர்ல போய் சொல்லிட்டு வா. அந்தக் கேமராவையும் எடுத்துனு போ. அவங்க நம்பலைன்னா விட்டுடு. கெஞ்சாத."

அடுத்த ஞாயிறு தாம்பரத்தில் பஸ் ஏறினேன். முடிச்சூர் வழியெல்லாம் என்ன சொல்வது என்று வைவா பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மாப்பிள்ளையின் அம்மா நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், முழுதாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்விதான் கேட்டார்.

"மெஷின் எப்படிப்பா தேதிய மறக்கும்?"

"ஒரு போட்டோ எடுத்துக் காட்டட்டுங்களாம்மா?"

பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு அம்மாவையும் மகனையும் வாசலில் நிற்கச் சொன்னேன். மாப்பிள்ளை கம்பெனி ஐ.டி. கார்டுக்கு நிற்பது போல நின்றார். முதல் ஃப்ளாஷ் அடித்தது. உடனே அம்மா பக்கம் திரும்பி, "கண்ண மூடிட்ட பாரு! தம்பி, எங்கம்மாவுக்கு இன்னொன்னு எடுங்க" என்று சிரித்தார். அந்த அம்மா அவர் தோளில் ஒன்று வைத்தார். இரண்டாவது ஃப்ளாஷ்.

திரையைக் காட்டினேன். மூலையில் அதே ஜனவரி ஒன்று. அந்த அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அப்போ எனக்கும் பதினஞ்சு வயசு கொறஞ்சிருச்சா?" முதல் முறையாகச் சிரித்தார். "உங்க அக்காவையும் இப்படித்தான் எடுத்தியா? அதான் வாயத் தொறந்துகிட்டு இருக்குதா? நான் வாயாடிப் பொண்ணு போலன்னு நெனச்சேன்."

இந்தக் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு இனியொரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அதுவும் உண்மைதாம்மா" என்றேன்.

மாப்பிள்ளை சத்தமாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேமராவைத்தான் முதலில் வாங்கினாள். பெரிதாக்கும் பட்டனை அவளே கண்டுபிடித்து, அவர் முகத்தைத் திரை முழுக்கக் கொண்டுவந்தாள்.

"இதுல இன்னா சொல்லினு கீறாரு?"

"அவங்கம்மா கண்ண மூடிட்டாங்களாம். அவங்களுக்கு இன்னொன்னு எடுக்கச் சொல்றாரு."

"தனக்குக் கேக்கலியா?"

"இல்லக்கா."

கேமராவோடு சமையலறைக்குள் போனாள். பேட்டரி தீரும்வரை வெளியே வரவில்லை. வந்து, "வரச் சொல்லு" என்றாள். "ஆனா கேசரி நான் கிண்ட மாட்டேன். நீ கிண்டு."

கிண்டினேன். கட்டி தட்டிப்போனது. வந்தவர்கள் பேசாமல் சாப்பிட்டார்கள். அக்கா காபித் தட்டோடு வந்து நின்றாள். யாரும் போனை எடுத்துப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்து, "போட்டோவுல இருக்கற மாதிரியேதான் இருக்காங்க" என்றார்.

"நீங்கதான் கொஞ்சம் எளச்சிட்டீங்க" என்றாள் அக்கா.

அம்மா தலையில் கை வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து, நீ சொன்னது சரிதான் என்பது போலத் தலையை ஆட்டினார்.

தட்டு மாற்றியதும் இரண்டு வீட்டாரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். ஆனால் இதற்குள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "ரெண்டாவது ஃப்ளாஷ்தான், அசையாதீங்க" என்று அந்த அம்மா எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தார். படத்தில் அக்கா உள்பட அத்தனை பேரும் ரேஷன் கார்டுக்கு நிற்பது போல விறைப்பாக இருக்கிறார்கள். அப்பாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. முதல் ஃப்ளாஷோடு வேலை முடிந்தது என்று நினைத்து, கடைசி பஜ்ஜியை எடுக்கத் தட்டுப் பக்கம் குனிந்துகொண்டிருக்கிறார்.

தேதியைச் சரிசெய்யட்டுமா என்று அக்காவைக் கேட்டேன்.

"வேணாம். இருக்கட்டும்" என்றாள்.